6746328388800: ஒரு பெரிய எண்ணின் குணங்கள்

அனுமந்தையைத் தாண்டி மரக்காணம் போகிற கரையோரம் உப்பளம் பரந்து கிடக்கிறது. எண்ணிக்கை எப்போது அர்த்தம் இழக்கும் என்று யோசிக்க இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. உப்பை யாரும் எண்ணுவதில்லை. வாரி, அம்பாரம் கட்டி, எடை போடுகிறோம். இந்தக் கட்டுரையின் நாயகனான 6746328388800 என்ற எண்ணை அந்த அம்பாரத்தில் பொருத்திப் பார்ப்போம். நம் வழக்கில் இது 6,74,632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800. தூள் உப்பின் ஒரு பரலை, பக்கத்துக்கு 0.3 மில்லிமீட்டர் உள்ள கனசதுரமாகக் கொண்டால், இத்தனை பரலின் எடை ஏறத்தாழ 390 டன் வரும். பத்து டன் லாரிகள் முப்பத்தொன்பது வேண்டும்.

அந்த 390 டன்னில் ஒரு பரலைச் சேர்த்தாலும் எடுத்தாலும் எந்த எடைமேடையும் காட்டாது. ஆனால் எண் என்ற முறையில் எல்லாமே மாறிவிடும். 6746328388800 மீதியில்லாமல் 10,080 விதமாக வகுபடும். அதற்கு முந்தைய எண்ணும் அடுத்த எண்ணும் அப்படி வகுபடும் வழிகள் 256ஐ எட்டவே முடியாது. எடுத்துப் பார்க்காமலே இதை எப்படிச் சொல்ல முடிகிறது? எண்ணின் அளவும் எண்ணின் குணமும் வேறுவேறு. அளவு படிப்படியாக ஏறுகிறது. குணம் ஒவ்வொரு படியிலும் தாவுகிறது. தாவலின் உச்சிகளை மட்டும் தேடிப்பிடித்து, அவற்றுக்குள் ஓர் ஒழுங்கு இருப்பதைக் காட்டியவர் ராமானுஜன். அவர் 1915இல் வெளியிட்ட நீண்ட கட்டுரையின் அட்டவணையில் கடைசியாக நிற்பதுதான் இந்த எண். அந்தக் கட்டுரை எழுப்பிய கேள்வி நூறாண்டுகளில் எங்கெங்கு போயிருக்கிறது என்று பார்ப்பதே இங்கே நோக்கம்.

பங்கு போடும் கணக்கு

ஒரு நிலத்தில் ஒரே அளவான 48 பாத்திகளைச் செவ்வக வரிசையில் அமைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 1×48, 2×24, 3×16, 4×12, 6×8 என ஐந்து வழி உண்டு. ஒரு பாத்தி கூடி 49 ஆனால் 1×49, 7×7 என்று இரண்டே வழி. ஒரு பாத்தி குறைந்து 47 ஆனால், ஒரே வரிசையாகப் போடுவதைத் தவிர வேறு வழியே இல்லை. 47 பகா எண். 48க்கு 10 காரணிகள், 49க்கு 3, 47க்கு 2. தனக்குக் கீழே உள்ள எந்த எண்ணையும்விட அதிகக் காரணிகள் கொண்ட எண்ணை உயர் பகு எண் என்கிறோம். 1, 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360 என்று வரிசை தொடங்குகிறது.

இந்த எண்களில் பல நமக்குப் பழக்கமானவை. நாளுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 60 விநாழிகை, பிரபவ முதல் அட்சய வரை 60 ஆண்டுகள், மணிக்கு 60 நிமிடம், நாளுக்கு 24 மணி, டஜனுக்கு 12, வட்டத்துக்கு 360 பாகை. பங்கு போட வசதியான எண்ணைத்தான் மனிதர்கள் அளவைகளில் வைத்துக்கொண்டார்கள்.

தமிழ்க் கீழ்வாய் இலக்கம் இதில் வேறு பாதையில் போனது. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் எண்சுவடியில் மனனம் செய்த பின்னங்கள் கால், அரைக்கால், மாகாணி, மா, காணி என்று இறங்கி முந்திரியில் நிற்கும். முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. 320 என்பது ஆறு இரண்டுகளையும் ஓர் ஐந்தையும் பெருக்கிய தொகை, காரணிகள் 14. பாதி, பாதியில் பாதி, ஐந்தில் ஒன்று, பத்தில் ஒன்று எல்லாம் இதில் துல்லியமாக வரும். மூன்றில் ஒன்று வராது. முந்திரியை மறுபடி 320ஆக உடைத்துக் கீழ்முந்திரிக்கு, அதாவது 1,02,400இல் ஒரு பங்குக்குப் போனாலும் வராது. 320ஐ எத்தனை முறை தன்னாலேயே பெருக்கினாலும் அதற்குள் ஒரு மூன்று நுழையப் போவதில்லை. நுணுக்கமாக அளக்கலாம், ஆனால் மூவருக்குச் சமமாகப் பிரிக்க முடியாது.

ரூபாய் இதற்கு நேர்மாறான பயணம் செய்தது. பழைய ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்பிடி, ஆக 192. மூவர் பங்கு கேட்டால் ஆளுக்கு 5 அணா 4 தம்பிடி, மிச்சமில்லை. 1957 ஏப்ரலில் ரூபாய் 100 நயா பைசா ஆனது. 192க்கு 14 காரணிகள் இருந்தன, 100க்கு 9தான். எழுதவும் கூட்டவும் எளிதானது; மூன்றால் வகுபடும் வசதி போனது. டன் கணக்கும் அப்படித்தான்: 1000 கிலோவுக்கு 16 காரணிகள், அதைவிடச் சிறிய 840க்கு அதைப்போல் இரு மடங்கு, 32.

கிரேக்கத்தில் பிளேட்டோ ‘சட்டங்கள்’ நூலில் தன் இலட்சிய நகருக்கு 5040 குடும்பங்கள் என்று வரையறுத்ததும் இதே காரணத்தால்தான். 5040க்கு 60 காரணிகள். 1 முதல் 10 வரை எல்லாவற்றாலும் வகுபடும். 11இல் தடைபட்டு மறுபடி 12ஆல் வகுபடும். நிலம், வரி, படை எதையும் எப்படி வேண்டுமானாலும் பிரிக்கலாம். இந்த 5040 பின்னால் எதிர்பாராத ஓர் இடத்தில் மறுபடி வரும்.

திருக்கோவிலூர் வழியாக

மரக்காணம் அன்றைய தென்னாற்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. அதே மாவட்டத்தின் மேற்கே திருக்கோவிலூரில் வி. ராமசாமி ஐயர் துணை ஆட்சியராக இருந்தார். 1907இல் இந்தியக் கணிதக் கழகத்துக்கு வித்திட்டவர். எஃப்.ஏ. தேர்வில் தேறாமல் வேலை தேடி அலைந்த ராமானுஜன் 1910இல் அவரைப் பார்க்கத் தன் நோட்டுப் புத்தகத்துடன் திருக்கோவிலூர் போனார். அங்கிருந்து சென்னையில் அறிமுகங்கள் கிடைத்தன, 1911இல் கழகத்தின் இதழில் முதல் கட்டுரை வந்தது, 1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தர் வேலை, 1913இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் 75 ரூபாய் உதவித்தொகை, 1914இல் கேம்பிரிட்ஜ்.

லண்டன் கணிதக் கழகத்தின் நடவடிக்கைக் குறிப்புகளில் 1915இல் வெளியான ‘உயர் பகு எண்கள்’ அறுபது பக்கங்களைத் தாண்டியது. 1916 மார்ச்சில் ஆய்வு வழியில் கேம்பிரிட்ஜ் அவருக்கு பி.ஏ. பட்டம் கொடுத்தது இந்தக் கட்டுரைக்காகத்தான். ராமானுஜனின் முன்னேற்றம் பற்றிச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அறிக்கை எழுதிய கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டி, இந்த வேலையின் திறமையை வியந்தார். அதே சமயம் இது கணித ஆய்வின் முக்கிய ஓட்டத்திலிருந்து சற்று விலகி நிற்பது என்றும் குறித்தார். அன்றைய நிலையில் அது சரியான கணிப்பு. பகா எண்களைப் பற்றி எல்லோரும் ஆராய்ந்துகொண்டிருந்தபோது, பகா எண்ணுக்கு முற்றிலும் எதிர்முனையில் நிற்கும் எண்களை ஒருவர் தேடிக்கொண்டிருந்தார்.

எண்ணைத் திறந்து பார்த்தால்

6746328388800ஐப் பகாக் காரணிகளாகப் பிரித்தால் இப்படி வரும்: ஆறு 2, நான்கு 3, இரண்டு 5, இரண்டு 7, பிறகு 11, 13, 17, 19, 23 ஒவ்வொன்று. காகிதத்தில் பெருக்கிச் சரிபார்க்கலாம். 64×81 = 5184; 25ஆல் பெருக்க 1,29,600; 49ஆல் பெருக்க 63,50,400; 11ஆல் பெருக்க 6,98,54,400. அடுத்து 13, 17, 19, 23 என நான்கு பெருக்கல்கள் செய்தால் எண் வந்துவிடும்.

காரணிகளை எண்ண அவற்றை எழுத வேண்டியதில்லை. ஒரு காரணியை உருவாக்க 2ஐ எத்தனை எடுப்பது என்பதற்கு 0 முதல் 6 வரை ஏழு வாய்ப்பு, 3க்கு ஐந்து, 5க்கும் 7க்கும் மூன்று மூன்று, மற்ற ஐந்துக்கும் எடுப்பது அல்லது விடுவது என இரண்டிரண்டு. 7×5×3×3×32 = 10,080. இந்த எண் 1 முதல் 28 வரை எல்லா எண்களாலும் வகுபடும். 29தான் முதல் தடை.

எண்ணின் முகத்திலேயே சில அடையாளங்கள் தெரியும். கடைசி இரண்டு பூச்சியங்கள் இரண்டு 5களைக் காட்டுகின்றன. இலக்கங்களின் கூட்டுத்தொகை 63. ஆகவே 9ஆல் வகுபடும். இலக்கங்களை மாறி மாறிக் கூட்டிக் கழித்தால் 11 வருகிறது; ஆகவே 11ஆலும் வகுபடும்.

பக்கத்து எண்களின் வறுமைக்கும் காரணம் இங்கேயே இருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு 1ஐத் தவிரப் பொதுக் காரணி கிடையாது. 23 வரையுள்ள அத்தனை பகா எண்களையும் 6746328388800 எடுத்துக்கொண்டதால், அதன் இரு பக்கத்து எண்களும் 29இலிருந்துதான் தொடங்க முடியும். 29ஐ ஒன்பது முறை பெருக்கினால் நம் எண்ணைத் தாண்டிவிடும். ஆகவே அதிகபட்சம் எட்டுப் பகாக் காரணிகள். எட்டும் வெவ்வேறாக இருந்தால் 256 காரணிகள் வரும். ஆனால் 29 தொடங்கி வரிசையாக எட்டுப் பகா எண்களைப் பெருக்கினாலே நம் எண் தாண்டிவிடுவதால் அந்த 256ம் கிட்டாது. இந்த அளவுள்ள எண்களுக்குச் சராசரியாக 30 காரணிகள்தான் இருக்கும் என்பது டிரிஷ்லே 19ஆம் நூற்றாண்டிலேயே காட்டிய கணக்கு.

ராமானுஜன் நிறுவிய விதிகள் இந்த வடிவம் தற்செயல் இல்லை என்று காட்டுகின்றன. முதலாவது, உயர் பகு எண்ணில் அடுக்குகள் இறங்குவரிசையில்தான் இருக்க முடியும். 2களைவிட 3கள் அதிகமாக இருந்தால் இரண்டையும் இடம் மாற்றினால் போதும்: காரணிகளின் எண்ணிக்கை மாறாது, எண் சிறிதாகிவிடும், அப்புறம் பழைய எண்ணுக்கு உச்சி என்ற தகுதி போய்விடும். இரண்டாவது, நடுவில் எந்தப் பகா எண்ணும் விடுபடாது. மூன்றாவது, கடைசிப் பகா எண் ஒரே ஒரு முறைதான் வரும். 4ம் 36ம் மட்டும் விதிவிலக்கு. நான்காவது, வரிசையில் மேலே போகப் போக அடுத்தடுத்த உயர் பகு எண்களின் விகிதம் 1ஐ நெருங்கும்.

இந்த உச்சிகளுக்குள்ளும் சிறந்தவற்றை ராமானுஜன் தனியே பிரித்தார்: 2, 6, 12, 60, 120, 360, 2520, 5040, 55440, 720720 என்று போகும் மேல்நிலை உயர் பகு எண்கள். ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போக ஒரு பகா எண்ணால் பெருக்கினால் போதும்: 3, 2, 5, 2, 3, 7, 2, 11, 13. எந்தக் கட்டத்தில் புதுப் பகா எண்ணைச் சேர்ப்பது, எப்போது பழைய 2ஐயே இன்னொரு முறை சேர்ப்பது என்பதற்கு அவர் சூத்திரமே கொடுத்தார். கண்ணுக்குச் சிதறலாகத் தெரிந்த ஒன்று கணிக்கக்கூடியதானது.

பட்டியலில் விடுபட்ட எண்

கணினி இல்லாத காலத்தில் கையால் போட்ட அந்த அட்டவணையில் 102 எண்கள் உள்ளன. ஒன்று விடுபட்டிருக்கிறது: 293318625600.

195545750400க்கு 4608 காரணிகள். 321253732800க்கு 5376. இரண்டுக்கும் நடுவே 293318625600 நிற்கிறது. அதன் காரணிகள் 5040. விடுபட்ட எண்ணை 23ஆல் பெருக்கினால் அட்டவணையின் கடைசி எண்ணான 6746328388800 கிடைக்கும். அதாவது கடைசி எண்ணிலிருந்து 23ஐ எடுத்துவிட்டால் மிச்சமிருப்பதே விடுபட்ட எண். அதன் காரணிகளின் எண்ணிக்கையோ பிளேட்டோவின் நகரத்து எண்.

இந்த ஜோடி இன்னொன்றையும் காட்டுகிறது. 293318625600ஐ 23ஆல் பெருக்கியதும் காரணிகள் 5040இலிருந்து 10,080ஆக இரட்டிக்கின்றன. 23க்குப் பதில் அதைவிடப் பெரிய 24ஆல் பெருக்கினால் 8640தான். கூடுதலாகச் செலவழித்துக் குறைவாகப் பெறுவோம். புதுப் பகா எண்ணா, பழையதா என்ற தேர்வில்தான் இந்த எண்களின் முழு ரகசியமும் இருக்கிறது.

பின்வந்தவர்கள்

உயர் பகு எண்கள் எவ்வளவு அடர்த்தியாக இருக்கின்றன என்ற கேள்வியை 1944இல் பால் எர்டெஷ் எடுத்தார். ராமானுஜன் காட்டியதைவிட அதிகம் என்று நிறுவினார். 1971இல் ழான்-லூயி நிக்கோலா மேல் எல்லையை வகுத்தார். 1944இலேயே லியோனிதாஸ் அலாவோக்லுவும் எர்டெஷும் காரணிகளின் எண்ணிக்கையை விட்டுக் காரணிகளின் கூட்டுத்தொகையைப் பார்த்தார்கள். அப்படி வரும் உச்சிகளின் வரிசை தொடக்கத்தில் உயர் பகு எண்களோடு ஒட்டியே வந்தாலும் மேலே போகப் போக விலகிவிடும். இரண்டு வரிசைக்கும் பொதுவான எண்கள் மொத்தமே 449.

தமிழ்நாட்டில் இந்த இழையைப் பிடித்தவர் எஸ்.எஸ். பிள்ளை. குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் 1901இல் பிறந்தவர். 1929 முதல் 1941 வரை தென்னாற்காட்டின் தென்கோடியில், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். எந்த எண்ணையும் ஆறாம் அடுக்கு எண்களின் கூட்டுத்தொகையாக எழுத 73 போதும் என்று 1940இல் நிறுவி, வாரிங் கணக்கில் உலகப் பெயர் பெற்றவர். 1940களில் உயர் பகு எண்களைப் பொதுமைப்படுத்தியும் எழுதினார். 1950 ஆகஸ்ட் 31 அன்று, ஹார்வர்டில் நடக்கவிருந்த உலகக் கணித மாநாட்டுக்குப் போகும் வழியில் கெய்ரோ அருகே விமான விபத்தில் இறந்தார்.

வெட்டப்பட்ட பக்கங்கள்

1915இல் லண்டன் கணிதக் கழகம் பண நெருக்கடியில் இருந்ததால் ராமானுஜனின் கட்டுரை முழுதாக அச்சேறவில்லை. எஞ்சிய கையெழுத்துப் பிரதி, மற்ற வெளிவராத தாள்களோடு 1988இல் நகலாக வெளியானது. நிக்கோலாவும் கீ ரோபாங்கும் விளக்கக் குறிப்புகளோடு அதைச் செப்பனிட்டு 1997இல் வெளியிட்டார்கள். கிருஷ்ணசாமி அல்லாடி தொடங்கிய ‘ராமானுஜன் ஜர்னல்’ இதழின் முதல் தொகுதியிலேயே அது இடம்பெற்றது.

அந்தப் பக்கங்களில் ராமானுஜன் காரணிகளின் கூட்டுத்தொகைக்கும் உச்ச வரம்பு கண்டிருந்தார். பகா எண்களின் பரவலைப் பற்றிய ரீமான் கருதுகோள் உண்மை என்று வைத்துக்கொண்டு அவர் பெற்ற முடிவு அது. அந்தப் பக்கங்கள் அச்சேறும் முன்பே, 1984இல் ரோபாங் இந்த உறவை இருபுறமும் பூட்டியிருந்தார். ஓர் எண்ணின் காரணிகளைக் கூட்டி, அந்த எண்ணாலும் அதன் மடக்கையின் மடக்கையாலும் வகுத்தால் வரும் விடை 1.78107… என்ற மாறிலிக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. 5040க்கு மேற்பட்ட எல்லா எண்களுக்கும் இது பொருந்தினால் ரீமான் கருதுகோள் உண்மை, ஓர் எண்ணில் தவறினாலும் பொய்.

5040இல் சோதித்துப் பார்க்கலாம். அதன் காரணிகளின் கூட்டுத்தொகை 31×13×6×8 = 19,344. வரம்போ 19,237க்கு அருகில். நூற்றுச் சொச்சம் மீறிவிடுகிறது. அதற்கு மேல் மீறும் எண் எதுவும் இதுவரை கிடைக்கவில்லை. பங்கு போட வசதி என்று பிளேட்டோ தேர்ந்த எண், கணிதத்தின் மிகப் பெரிய விடையறியாக் கேள்வி ஒன்றுக்கு எல்லைக்கல்லாக நிற்கிறது.

2002இல் ஜெஃப்ரி லகாரியாஸ் இதே நிபந்தனையை இன்னும் எளிய வடிவில் எழுதினார். மீறும் எண் ஏதும் இருந்தால், 5040க்கு மேல் அப்படிப்பட்டவற்றில் மிகச் சிறியது அலாவோக்லு–எர்டெஷ் வகுத்த உச்சி எண்களில் ஒன்றாகவே இருக்கும் என்று 2009இல் அமிர் அக்பரியும் சாக்கரி ஃப்ரிக்ஸ்டாடும் காட்டினார்கள். கோடானுகோடி எண்களில் தேட வேண்டியதில்லை. உச்சிகளை மட்டும் பார்த்தால் போதும்.

எதிர்முனை

நம் அன்றாட வாழ்வில் புழங்கும் பெரிய எண்கள் உயர் பகு எண்ணுக்கு நேர் எதிரானவை. இணையப் பரிமாற்றங்களைக் காக்கும் ஆர்எஸ்ஏ முறையில் இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கிய எண் பூட்டாகிறது. 600க்கு மேற்பட்ட இலக்கங்கள் இருந்தும் அதன் காரணிகள் நான்கே. நான்கில் 1ம் அதே எண்ணும் தெரிந்தவை. மற்ற இரண்டைக் கண்டுபிடிப்பதுதான் பூட்டைத் திறப்பது. ஓர் எண் பகா எண்ணா என்று மட்டும் விரைவாகச் சொல்ல எப்போதும் தவறாத முறையைக் கான்பூர் ஐஐடியின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் 2002இல் கண்டார்கள். ஆனால் பகு எண்ணை உடைப்பது இன்றும் கடினமே. 13 இலக்க 6746328388800ஐ ஒரு பள்ளி மாணவர் காகிதத்தில் முழுதாக உடைத்துவிடலாம். சிறிய பகா எண்களால் வகுத்துக்கொண்டே போனால் போதும். அதே 13 இலக்கத்தில் இரண்டு ஏழிலக்கப் பகா எண்களின் பெருக்கலைக் கொடுத்தால் அவருக்கு நாட்கள் போய்விடும்.

மதிப்பீடு

இந்த நூறாண்டு வரலாற்றைத் தொகுத்தால் ஒரு முடிவுக்கு வரலாம். பெரிய எண்களைப் பற்றிய நம் வியப்பு பெரும்பாலும் இலக்கங்களின் நீளத்தோடு நின்றுவிடுகிறது. 2024இல் கண்டறியப்பட்ட பகா எண்ணுக்கு நான்கு கோடிக்கு மேல் இலக்கங்கள். செய்தியும் அதோடு முடிந்தது. ராமானுஜன் நீளத்தைத் தேடவில்லை. எந்த எண் எதற்காக விசேஷமானது என்று வரையறுத்து, அந்த வரையறைக்குப் பொருந்தும் எண்களை வரிசைப்படுத்தி, வரிசையின் விதியைக் கேட்டார். கேள்வி சரியாக அமைந்ததால், ஒதுக்குப்புறமாகத் தெரிந்த வேலை எழுபதாண்டுகளில் ரீமான் கருதுகோளின் வாசலுக்கு வந்து சேர்ந்தது.

நம் பள்ளிகளில் காரணிப்படுத்தல் என்பது மீ.பொ.ம., மீ.பொ.வ. கணக்குகளோடு முடிந்துவிடுகிறது. 100க்குக் கீழே அதிகக் காரணிகள் உள்ள எண்கள் எவை என்று வகுப்பில் கேட்டால், 60, 72, 84, 90, 96 என ஐந்து எண்கள் 12 காரணிகளோடு சமமாக நிற்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். அந்த ஐந்தில் 60 மட்டும் ஏன் பட்டியலில் ஏறுகிறது என்று அடுத்துக் கேட்கலாம். ஐந்தாம் வகுப்புக் கணக்கு தெரிந்தாலே போதும். அங்கிருந்து 1915ஆம் ஆண்டுக் கட்டுரையின் முதல் விதிக்குப் போக ஒரு படிதான் இருக்கிறது.